சத்தம் போடாத நோயாளி

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு வீடு முதன்முதலாக வந்தது 1794இல். வாலன்டைன் கோனலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் தனியாராக நடத்திய விடுதி அது. அந்த ஏற்பாடு கைமாறி வளர்ந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு விடுதியாக நிலைபெற்றது. கீழ்ப்பாக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே தியேட்டர் சிரிக்கும் என்ற நிலை தமிழ் சினிமாவுக்கு அப்படித்தான் வாய்த்தது. 1912இல் இந்திய லூனசி சட்டம் வந்தது, 1987இல் மனநலச் சட்டம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் கருகினார்கள். 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. இருநூறு வருஷத்துக்கும் மேலான இந்தக் கதையை ஒரே மூச்சில் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். கத்துகிற, ஓடுகிற, கல்லெறிகிற, தெருவில் திரிகிற நோயாளியைச் சுற்றியே நம்முடைய மனநலத் துறை கட்டப்பட்டிருக்கிறது. பூட்டலாமா கூடாதா, யார் கையெழுத்துப் போட்டால் சேர்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம்: சட்டங்கள் நெடுங்காலம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தன. உரிமை என்ற பேச்சையே 2017இல்தான் உரக்க எடுத்தோம்.

ஊருக்குத் தொந்தரவு தராதவனுக்கு இந்த வரலாற்றில் இடமே இல்லை. நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறான், பஞ்ச் அடிக்கிறான், சொன்ன வேலையைச் செய்கிறான், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறான். உள்ளே மட்டும் ஏதோ அறுந்து கிடக்கிறது. தான் தானாக இல்லை. சுற்றியிருக்கிற உலகம் உலகமாக இல்லை. மனநல மருத்துவம் இதை டிபர்சனலைசேஷன்-டிரியலைசேஷன் டிஸ்ஆர்டர் என்கிறது. சுருக்கமாக டி.பி.டி.ஆர். பெயரின் முதல் பாதி, தன்னிடமிருந்தே தான் விலகி நிற்கிற உணர்வு. இரண்டாம் பாதி, எதிரே இருப்பதெல்லாம் நிஜமற்றதுபோல் தோன்றுவது. சிலருக்கு ஒன்று மட்டும் இருக்கும், பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன், நைட் ஷிஃப்ட். விடிகாலை நாலு மணி. பவர் பிரஸ் முன்னால் நிற்கிறான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. தகட்டை வைக்கிறான், கையை எடுக்கிறான், அழுத்துகிறான். திடீரென்று, கிளவுஸ் போட்ட அந்த இரண்டு கைகளும் யாருடையவோ என்று படுகிறது. கை சொன்னபடி கேட்கிறது, வேலை பிசகவில்லை. ஆனால் தன் கை என்ற எண்ணம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. சூப்பர்வைசர் பேசுவது எங்கோ தூரத்திலிருந்து வருகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஷெட்டே தட்டையாக, வரைந்து ஒட்டியதுபோல் நிற்கிறது. ஷிஃப்ட் முடிந்தால் எண்ணிக்கை சரி, ரிஜெக்ட் ஒன்றுகூட இல்லை. அறைக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்க்கிறான். முகம் அடையாளம் தெரிகிறது, தெரிந்தும் ஒட்டவில்லை. ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தது மாதக்கணக்கில் நிற்கிறது. தங்கச்சி கல்யாணத்தில் எல்லோரும் கண்ணைத் துடைக்கிற நேரத்தில் இவனுக்கு ஒன்றுமே வரவில்லை. அதுதான் அவனை உண்மையிலேயே பயமுறுத்துகிறது.

அவன் அம்மா பார்த்துவிட்டு, மந்திரிச்சுவிட்ட கோழி மாதிரி இருக்கிறானே என்பாள். அதற்கு மேல் போகிற பாதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பயந்திருப்பான் என்று ஒரு தாயத்து. தலை சுத்துது என்று அவன் கிளினிக்கில் சொன்னால் பிரஷர் பார்த்து ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி. பார்வை என்னமோ மாதிரி இருக்கு என்றால் கண் டாக்டர், காது அடைச்ச மாதிரி இருக்கு என்றால் காது டாக்டர். எல்லாரும் நார்மல் என்று எழுதித் தருவார்கள். அமாவாசைக்குத் திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயிலுக்கும் அழைத்துப் போவார்கள். நோய் தீர வேண்டுமென்று குளத்தில் வெல்லம் கரைக்கிற கூட்டத்தில் இவன் குடும்பமும் நிற்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நார்மல் என்ற ஒற்றை வார்த்தையோடு வெளியே அனுப்பாத இடம் அந்தப் பாதையில் அது ஒன்றுதான். ஆனால் வெல்லம் கரைந்தும் கை தன் கையாகவில்லை என்றால் அடுத்து எங்கே போவது என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் பதில் கிடையாது.

அவனும் முழுசாகச் சொல்வதில்லை. சொன்னால் பைத்தியம் என்று முடிவுகட்டிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இந்த நோயின் கண்ணியே அங்கேதான் இருக்கிறது. தான் சொல்லப்போவது எவ்வளவு விபரீதமாகக் கேட்கும் என்பது நோயாளிக்கே தெளிவாகத் தெரியும். 'நான் செத்துட்டேன்' என்று ஒருவர் உறுதியாக நம்பினால் அது வேறு வியாதி. 'என் கையை வேறு யாரோ ஆட்டிவைக்கிறார்கள்' என்று அடித்துச் சொன்னால் ஸ்கிசோஃப்ரினியாவைப் பற்றி யோசிக்க வேண்டும். இவனோ, 'செத்த மாதிரி இருக்கு, ஆனா சாகலைன்னு தெரியுது' என்பான். அந்த 'மாதிரி'யைக் காதில் வாங்கிக்கொள்ளாத டாக்டர் அவனுக்குச் சைக்கோசிஸ் மாத்திரை எழுதிவிடுவார். அந்த மாத்திரைகள் இந்த நோயில் பெரிதாக உதவுவதில்லை; அவற்றின் மந்தம் ஏற்கெனவே இருக்கிற மரத்துப்போன உணர்வின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மருத்துவ உலகம் இதைப் பிடிக்கத் தடுமாறிய கதை நீளமானது. பாரிஸில் மோரிஸ் கிரிஷாபர் என்ற, காது தொண்டை பார்த்த மருத்துவர் 1873இல் 38 நோயாளிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். படபடப்பு, மயக்கம், கூடவே உலகம் கனவுபோல் தெரிவது. புலன்கள் கெட்டுப்போய்த் தப்பான சேதி மூளைக்குப் போகிறது என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பு, கண்ணும் காதும் சரியாகவே இருந்தன. ஆனால் நோயாளிகள் சொன்னதை அவர் அலட்சியம் செய்யாமல் எழுதிவைத்தார். அது பெரிய காரியம். ஜெனீவாவில் ஹென்றி ஃபிரெடெரிக் அமியெல் என்ற பேராசிரியர் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நாட்குறிப்பு எழுதிவந்தார். தன்னிடமிருந்தே தான் கழன்றுபோய், தன் வாழ்க்கையை இறந்தவன் பார்ப்பதுபோல் பார்ப்பதாக 1880இல் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. மறுவருஷம் அவர் இறந்தார், பிறகு நாட்குறிப்பு அச்சானது. லுதோவிக் துகா என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் அந்தக் குறிப்பிலிருந்தே பெயரை எடுத்து 1898இல் நோயாக விவரித்தார். கெட்டுப்போனது புலன் இல்லை, அனுபவத்தோடு ஒட்டிவருகிற உணர்ச்சி என்று நகர்த்திச் சொன்னவர் அவர். இன்றைக்கும் அந்த வாதம் அசைக்கப்படவில்லை.

ஐரோப்பாவில் இது நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மதுரையில் ஒரு காரியம் நடந்தது. 1896 ஜூலையில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரணபயம் வந்தது. கை கால்களை விறைத்துக்கொண்டு பிணம்போல் படுத்தான். உடம்பு போனால் போகிறது, நான் என்பது எது என்று பார்த்தான். அதன்பிறகு படிப்பு ஓடவில்லை. இலக்கணத்தை மூன்று முறை எழுதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தவனை அண்ணன் கண்டித்தார். ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். ரமண மகரிஷி என்று உலகம் அவரை அறிந்தது. துகாவின் கட்டுரைக்கு அப்போது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

இதை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம், மகரிஷிக்கு நோய்ப் பெயர் சூட்டுவதில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அசட்டுத்தனம். நோயறியும் விதி என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் கிடைக்காது என்பதால் சொல்கிறேன். உடம்பு நானில்லை என்ற அனுபவம் மட்டும் நோய் ஆகாது. அது வேதனையாக இருக்கிறதா, வேண்டாத நேரத்தில் தானாக வந்து போகமாட்டேன் என்கிறதா, வாழ்க்கையை முடக்குகிறதா என்பதே கேள்வி. வேங்கடராமனுக்குப் பயம் அன்றே முடிந்தது; அதன்பின் இருந்தது நிறைவு. அமியெலுக்கு மிஞ்சியது வெறுமை. தியானம் செய்கிறவர்களுக்கு இத்தகைய நிலை வருவதை நோயாக எழுதக் கூடாது என்று அமெரிக்க மனநோய்க் கையேடே சொல்கிறது. விரும்பித் தொடங்கிய பயிற்சி பிடியை விட்டு நழுவி, பயமாகவே தங்கிவிடுகிறவர்கள் உண்டு என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தன்னை இழந்துவிட்டேன் என்று தவித்து வருகிறவனிடம், 'அட, அதற்குத்தானப்பா ஞானிகள் தவம் கிடந்தார்கள்' என்று ஆறுதல் சொல்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு காய்கிறவனிடம் ஏகாதசி மகிமை பேசுவது அது.

இந்த அனுபவம் வந்தவர்களின் பட்டியலில் ஃபிராய்டையும் சேர்க்கலாம். 1904இல் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் நின்றபோது எதிரில் இருப்பது நிஜம்தானா என்று தனக்கு ஏற்பட்ட விசித்திர உணர்வை, 32 வருஷம் கழித்து 1936இல்தான் அவர் எழுதினார். ஊர் உலகத்தையே மனம்விட்டுப் பேசவைத்த மனிதருக்கே அத்தனை காலம் பிடித்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வில்ஹெல்ம் மாயர் கிராஸ் என்ற மனநல மருத்துவர், தான் விலகுவதையும் உலகம் விலகுவதையும் பிரித்துக்காட்டி, பல காரணங்களுக்கு மூளை தரக்கூடிய ஒரே மாதிரியான பதில் இது என்று எழுதினார். அமெரிக்கக் கையேட்டில் தனி நோயாக இது இடம்பிடித்தது 1968இல். இரண்டு பாதியும் ஒரே பெயருக்குள் வந்தது 2013இல். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் இது நரம்புத்தளர்ச்சிக்குப் பக்கத்து அறையில், 'மற்றவை' என்ற மூலையில் கிடந்தது. பதினோராவது பட்டியலில்தான் தன் இனத்தோடு சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2022இல்.

ஏன் வருகிறது? ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிஸ் நிலவியலாளர், மலையிலிருந்து விழுந்து பிழைத்தவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 1892இல் வெளியிட்டார். விழும்போது அலறல் இல்லை, வலி இல்லை, எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல் நிதானமாகத் தெரிந்தது என்று பலரும் சொல்லியிருந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உணர்ச்சியைத் துண்டித்துவிட்டு விழிப்பை மட்டும் வைத்துக்கொள்கிற ஏற்பாடு மூளையில் இருக்கிறது. லோடு ஏறினால் எம்சிபி ட்ரிப் ஆகிற மாதிரி. எம்சிபியைக் கையால் ஏற்ற வேண்டும்; இதுவோ ஆபத்து நீங்கியதும் தானாகவே மேலே ஏற வேண்டும். சிலருக்கு ஏறுவதில்லை, அதுதான் நோய். லண்டனில் இதற்கென்றே 1998இல் ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. அருவருப்பூட்டும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து அவர்கள் 2001இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பொருந்துகிறது: மற்றவர்களுக்கு உணர்ச்சிப் பகுதிகள் எழும்பின, இவர்களுக்கு அவை அடங்கியிருந்து, அடக்கி ஆள்கிற முன்மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. ஆகவே உணர்ச்சி செத்துப்போகவில்லை, உள்ளே அமுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. நோயாளியிடம் சொல்லவேண்டிய முதல் நல்ல செய்தி இது.

அமுக்கிவைப்பதற்கான காரணங்களுக்கு வடதிருவள்ளூரில் பஞ்சமில்லை. தூக்கம் கெடுவது ஒன்று. நன்றாக இருக்கிற மனிதனையே இரண்டு இரவு தூங்கவிடாமல் வைத்தால் உலகம் கனவாகத் தெரிய ஆரம்பிக்கும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறி, நடுவில் ஓ.டி.யும் பார்த்து, தகரக்கூரை அறையில் ஆறேழு பேரோடு பகலில் படுக்கிறவன் தூங்குவதாகச் சொல்வது ஒரு சம்பிரதாயம். அடுத்தது கஞ்சா. ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச்சாவடியில் பிடிபட்டது என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். பிடிபடாதது எங்கே போகிறது என்று யாரும் எழுதுவதில்லை. இளைஞர்களுக்கு இந்த நோயைத் தூண்டிவிடுகிற பொருள்களில் கஞ்சா முன்வரிசையில் இருக்கிறது. சிலருக்கு, ஒரே தடவை இழுத்ததில் வந்த பயம், போதை இறங்கியபிறகும் இறங்காமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, காற்று. இது மனநோய்ப் பாடத்தில் அதிகம் வராது; தொழிற்பேட்டையில் வந்தே ஆகவேண்டும். பெயின்ட் ஷாப்பில் தின்னர், உலைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு, உருக்கும் இடத்தில் ஈயம், சிலவகை உலோகக் கலவை வேலைகளில் மாங்கனீஸ். கிறக்கம், தலைபாரம், எல்லாம் தூரத்தில் இருப்பதுபோன்ற உணர்வு இவற்றாலும் வரும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈயம், பாதரசம், மாங்கனீஸ், பென்சீன் என்று விஷ நோய்களை வரிசைப்படுத்தி, கண்டுபிடிக்கும் மருத்துவர் அறிவிக்க வேண்டும் என்றது. ஆகவே கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலாளி வந்து 'நான் நானா இல்லை' என்றால் மருத்துவர் முதலில் கேட்கவேண்டியது அவன் பால்யத்தைப் பற்றி இல்லை. எந்த செக்ஷன், என்ன வாசனை, கூட வேலை செய்கிறவர்களுக்கும் இப்படியா, ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா? காற்றில் இருக்கிற கோளாறுக்கு மனநோய்ப் பெயர் வைத்தால் ஆலைக்கு வசதி, ஆளுக்கு அநியாயம்.

இன்னொரு காரணமும் அங்கே முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம், தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களில் ஷெல் விழுந்ததைப் பார்த்தவர்கள், படகில் உயிரைக் கையில் பிடித்தபடி கடல் கடந்தவர்கள் எத்தனையோ பேர். போர் மனங்களை என்ன செய்தது என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற ஆங்கில நூலில் எழுதினார். அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோயில், தன்னிலிருந்து விலகிப்போகிற ஒரு தனி வகை உண்டு என்று அமெரிக்கக் கையேடு 2013இல் ஒப்புக்கொண்டது. அழாமல், பதறாமல், தன் வீடு எரிந்ததை வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொல்கிறவரைப் பார்த்து, 'நல்ல மனத்தைரியம்' என்று பாராட்டிவிட்டு வந்துவிடுகிறோம். முகாமில் இருக்கிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று சொல்லவரவில்லை, பெரும்பாலோர் அப்படியில்லை. கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி அங்கே கேட்கப்படவில்லை என்பதுதான்.

ஆலைத் தொழிலாளி தன் உழைப்பிலிருந்து அந்நியப்படுகிறான் என்று மார்க்ஸ் சொன்னதைத்தானே நீ மருந்துச்சீட்டாக எழுதுகிறாய் என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். இல்லை. அந்நியமாதல் ஒரு வர்க்கத்தின் நிலை, அது ஷெட்டில் நிற்கிற எல்லோருக்கும் பொது. இந்த நோய் அதில் ஒருவனுக்கு வருகிறது, அவனை மட்டும் தனியே தள்ளிவைக்கிறது, சங்கம் ஜெயித்துச் சம்பளம் கூடினாலும் போவதில்லை. இரண்டையும் குழப்பினால் இரண்டுக்குமே வைத்தியம் நடக்காது.

எத்தனை பேருக்கு இருக்கும்? நொடிநேர அனுபவமாக இது வாழ்நாளில் ஒருமுறையாவது பாதிப்பேருக்கு வந்துபோகிறது. தங்கிவிட்ட நோயாக நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்று மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்துவது சரியில்லை. ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் சுமார் 37 லட்சம் பேர் இருந்த திருவள்ளூர் மாவட்டத்தில், நூற்றுக்கு ஒருவர் என்றாலே 37 ஆயிரம் பேர் வருகிறார்கள். இவர்கள் எங்கே? பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போயிற்று. அதில் பயன்பட்ட 'மினி' என்ற கேள்வித்தாளில் இந்த நோய்க்கென்று தனிப் பகுதியே கிடையாது. திடீர்ப் பீதி பற்றிய பகுதியில், சுற்றியிருப்பது விசித்திரமாகப் பட்டதா, உடம்பிலிருந்து விலகியதுபோல் இருந்ததா என்று பல அறிகுறிகளில் ஒன்றாகக் கேட்டுவிட்டுத் தாண்டிப்போகும். எண்ணாதது கணக்கில் வராது. கணக்கில் வராததற்குத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதில்லை.

வசதியுள்ள நாடுகளிலேயே சரியான பெயர் கிடைப்பதற்கு 7 முதல் 12 வருஷம் ஆகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வருகிற நோய் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பெயர் தெரியும்போது இளமை போயிருக்கும். இத்தனைக்கும் இதைக் கண்டறிய விலையுயர்ந்த எந்திரம் ஒன்றும் வேண்டாம். ரத்தத்திலோ ஸ்கேனிலோ இது தெரியாது. மற்றவற்றை விலக்கத்தான் பரிசோதனைகள். சில நிமிஷமே நின்று, ஒரேமாதிரியாகத் திரும்பத் திரும்ப வந்தால் வலிப்பு நோயின் ஒரு வகையா என்று இ.இ.ஜி. எடுக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி, தைராய்டு, சர்க்கரை இறங்குவது, போதை எல்லாவற்றையும் கேட்டுக் கழிக்க வேண்டும். நாற்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக வந்தால் மூளையிலோ உடம்பிலோ காரணம் இருக்கிறதா என்று தேடாமல் விடக் கூடாது. பீதியோடும் மனச்சோர்வோடும் மட்டும் வந்து அவற்றோடே போனால் அது அந்த நோயின் பகுதி. அவை அடங்கியபிறகும் தனியே நின்றால் இந்தப் பெயர். அளந்துபார்க்க, 2000இல் சியேரா, பெரியோஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் அளவுகோல் இருக்கிறது. 29 கேள்விகள், நோயாளியே நிரப்பிவிடலாம்.

ஆனால் காகிதத்துக்கு முன்னால் காது வேண்டும். 'தலை சுத்துது' என்றால் தரை சுத்துதா, இல்லை நீ தள்ளி நிற்கிற மாதிரி இருக்கா என்று திருப்பிக் கேட்கிற பொறுமை வேண்டும். அரசு மருத்துவமனையின் காலைக் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற இரண்டு மூன்று நிமிஷத்தில் அது நடப்பது கஷ்டம். வந்தவன் ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்திருந்தால், தாய்மொழியிலேயே சொல்லவராத ஒன்றை அரைகுறைத் தமிழில் எப்படிச் சொல்வான்? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் பல மொழிகளில் பேசலாம் என்பது இந்த இடத்தில் சின்ன விஷயமில்லை. ஆலை வாசலில் அந்த எண்ணை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுவதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

சிகிச்சை பற்றி அளந்துவிடக் கூடாது. இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து உலகில் எங்கும் இல்லை. மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்சட்டினைச் சோதித்துப் பார்த்தார்கள்; வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. வலிப்புக்குத் தருகிற லாமோட்ரிஜின் ஒரு சோதனையில் கைகொடுத்தது, இன்னொன்றில் கைவிட்டது. கூடவே இருக்கிற பதற்றத்தையும் சோர்வையும் மருந்தால் குறைக்கலாம். அதுவே பலருக்குப் பாதி விடுதலை. தூக்கத்தைச் சீராக்குவது, கஞ்சாவை நிறுத்துவது, நாள் முழுக்கத் தன்னையே கண்காணித்து 'இன்னும் அப்படியேதான் இருக்கா' என்று சோதித்துக்கொண்டிருக்கிற பழக்கத்தைப் பேச்சு சிகிச்சையால் தளர்த்துவது: இந்த வழியில் முன்னேறியவர்கள் உண்டு. இது பைத்தியம் ஆவதற்கு முதல் படி இல்லை, இதற்கு ஒரு பெயர் உண்டு, உன்னைப்போல் பலர் இருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவர் தெளிவாகச் சொன்னாலே பயத்தின் முதுகெலும்பு முறிந்துவிடும். பயம்தான் இந்த நோய்க்குத் தீனி.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று நாட்டில் 1996இல் தொடங்கியது. தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் திருச்சி இடம்பெற்றது. இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சிப்காட் தொழிலாளர்களில் கணிசமானோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. ஆள் இல்லை, இடம் இல்லை என்று முன்போல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கல்லூரியின் மனநலத் துறை ஒரே ஒரு வருஷம், புறநோயாளியாக வருகிற இளைஞர்களிடம் அந்தக் கேம்பிரிட்ஜ் கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்துப் பார்க்கட்டும். ஆலை மருத்துவர் வருடாந்திரப் பரிசோதனையில் தூக்கத்தைப் பற்றியும் இந்த விலகலைப் பற்றியும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். இந்தத் தொழிற்பேட்டையின் கணக்கு நமக்கு முதல்முறையாகக் கிடைக்கும்.

அப்படிக் கண்டுபிடித்தபிறகு வருகிற சிக்கலையும் இப்போதே பேசிவிட வேண்டும். பிரஸ் முன்னால் நிற்கிற அந்தப் பையனுக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்கலாமா? புத்தி தெளிவாக இருக்கிறது, கையும் சொன்னபடி கேட்கிறது. வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதினால் அது பொய், அவன் பிழைப்பும் போகும். ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆறு மாதம் நைட் ஷிஃப்ட் வேண்டாம், ஓ.டி. வேண்டாம், பகலில் வேறு செக்ஷனில் போடுங்கள் என்று எழுதலாம். உடம்பு நோய்க்கு லைட் டியூட்டி எழுதித் தருகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது; இதற்கும் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பர்மனென்ட் ஆள் என்றால் ஹெச்.ஆர். முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்ளும். கான்ட்ராக்டில் வந்தவன் அந்தச் சீட்டை நீட்டினால் மறுநாள் அந்த இடத்துக்கு வேறு ஆள் பஸ் ஏறியிருப்பான். அங்கே நிற்கிறவர்களில் கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர் என்பது ஆலைகளுக்கும் தெரியும், தொழிலாளர் துறைக்கும் தெரியும்.